டெஸ்ட் எல்லாம் நார்மல், உடம்பு முழுக்க வலி: ஃபைப்ரோமயால்ஜியாவா?

இருக்கலாம். மூன்று மாதத்துக்கு மேலாகப் பல இடங்களில் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, மறதி எல்லாம் சேர்ந்திருந்தால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிப்பார்கள். இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு குறைபாடு, முடக்குவாதம் போன்றவை இல்லை என்று உறுதிசெய்யத்தான் டெஸ்ட். நோயைக் கண்டறியும் 1990 விதிகளின்படி 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11-லாவது வலிக்க வேண்டியிருந்தது. 2010-இல் வந்த விதிகளில் அது தேவையில்லை. மூட்டு வீக்கம், காய்ச்சல், எடை குறைவு இருந்தால் மட்டும் வேறு நோயா என்று மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

"எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வலி நிஜம். தசையில் சேதமில்லை, சத்தத்தைக் கூட்டிவைத்த ரேடியோ மாதிரி, மூளையும் தண்டுவடமும் வலியைப் பெரிதாக்குகின்றன. அதனால்தான் வழக்கமான வலி மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. மருத்துவர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின், இல்லையென்றால் டுலோக்செட்டின், பிரிகாபலின் தரலாம். முதல் இரண்டும் மன அழுத்த மருந்தாயிற்றே என்று பயப்பட வேண்டாம், நரம்பு வலிக்கும் இவற்றைத் தருவார்கள்.

ஆனால் என் ஓட்டு உடற்பயிற்சிக்குத்தான். ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பின் 2017 பரிந்துரைகளில் 'வலுவாக' என்ற தகுதி பெற்றது அது ஒன்றுதான். பத்து நிமிட நடையில் தொடங்கி, வாரங்கள் போகப் போகக் கூட்டுங்கள். வலி குறைந்த நாளில் மொத்த வீட்டையும் ஒட்டடை அடித்துவிட்டு, அப்புறம் இரண்டு நாள் படுத்துக்கிடக்காதீர்கள்.