அனிசோல் மாதிரியில் பீனால் குறைவு, கார்பன் மோனாக்சைடு கூடுதல்: எந்த வினையைத் திருத்துவது?

கேள்வி: மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளிலிருந்து கிடைக்கும் உயிரி எரிபொருள்களுக்குப் பதிலியாக அனிசோலை (பென்சீன் வளையத்தில் ஆக்சிஜன் வழியாக ஒரு மெத்தில் ஒட்டிய சேர்மம்) எடுத்து வேகவியல் மாதிரி (வினைகளையும் அவற்றின் வேகங்களையும் வைத்துக் கணிக்கும் கணக்கீடு) ஒன்றை உருவாக்கி வருகிறேன். அடிப்படை வினைத்தொகுதி டொலுவீன் மாதிரியிலிருந்து வந்தது. ஜெட்-ஸ்டிர்டு ரியாக்டரில் (வாயுத் தாரைகளால் சீராகக் கலக்கப்படும் கலத்தில்), ஆக்சிஜன் இல்லாத வெப்பச் சிதைவில், எரிபொருள் குறையும் வேகம் சோதனையோடு பொருந்துகிறது. ஆனால் 900 கெல்வின் அருகே மாதிரி தரும் கார்பன் மோனாக்சைடு சோதனையைவிடக் கூடுகிறது. பீனால், கிரெசால் இரண்டும் குறைகின்றன. முதல் சிதைவு வினையின் வேகத்தைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். மாதிரியில் சரியாக இருக்கும் ஒரே இடம் அதுவாகத்தான் இருக்கும்.

அனிசோலில் ஆக்சிஜனுக்கும் மெத்திலுக்கும் இடையேயான பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 270 கிலோஜூல் போதும். டொலுவீனின் மெத்திலில் இருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க 375 தேவை. மெத்தில் பிரிந்தபின் மிஞ்சும் பீனாக்சி ராடிக்கலின் (இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட துண்டின்) ஒற்றை எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவி நிலைபெறுவதால் வரும் சலுகை இது. எரிபொருள் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதைப் பெரும்பாலும் இந்த முதல் உடைப்பே தீர்மானிக்கிறது. நீங்கள் சொல்லும் மூன்று விளைபொருள்களின் அளவும் அதற்குப் பிறகு, பீனாக்சி எந்தப் பக்கம் போகிறது என்பதில் முடிவாகிறது.

அதற்கு வழிகள் மூன்று. கார்பன் மோனாக்சைடை உதறிவிட்டுச் சைக்ளோபென்டாடையீனைல் ஆகலாம். எங்கிருந்தாவது ஒரு ஹைட்ரஜனைப் பறித்துப் பீனால் ஆகலாம். மெத்தில் வந்து வளையத்தின் ஆர்த்தோ (ஆக்சிஜன் ஒட்டிய கார்பனுக்கு அடுத்த) அல்லது பாரா (அதற்கு நேரெதிர்) இடத்தில் ஒட்டினால் கிரெசால். உங்கள் மாதிரியில் முதல் வழி அகலமாகவும் மற்ற இரண்டும் குறுகலாகவும் இருக்கின்றன என்பது என் ஊகம்.

ஊகத்தைச் சரிபார்க்க எளிய கணக்கு உண்டு. பீனாக்சி உதறும் ஒவ்வொரு கார்பன் மோனாக்சைடும் ஓர் ஐந்து கார்பன் வளையத்தை விட்டுச்செல்லும். ஆகவே சைக்ளோபென்டாடையீன், மெத்தில் சைக்ளோபென்டாடையீன், நாப்தலீன் மூன்றையும் கூட்டுங்கள். இரண்டு வளையங்கள் சேர்ந்து பிறப்பதால் நாப்தலீனை இருமுறை எண்ண வேண்டும். இந்தத் தொகையும் மாதிரியில் கூடுதலாக வந்தால் குற்றவாளி பீனாக்சிதான். தொகை பொருந்தி, கார்பன் மோனாக்சைடு மட்டும் மிகுந்தால் பென்சால்டிஹைடின் பக்கம் பாருங்கள். அதிலிருந்து வரும் பென்சாயில் ராடிக்கலும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும்.

சோதனைப் பிழையாக இருக்குமோ என்ற சந்தேகமும் வரலாம். பீனாலின் கொதிநிலை 182 டிகிரி செல்சியஸ். சோதனையில் பகுப்பாய்வுக்கு எடுக்கும் வாயு போகும் குழாய் போதிய சூடில்லாமல் இருந்தால் சுவரில் படிந்துவிடும். ஆனால் அப்போது குறைவது சோதனை மதிப்பு. உங்கள் மாதிரியோ அதற்கும் கீழே நிற்கிறது. அதாவது, உண்மையான இடைவெளி நீங்கள் பார்ப்பதைவிடப் பெரியதாகவே இருக்கக்கூடும்.

இனி எதைச் சேர்ப்பது? பீனாக்சி, அனிசோலின் மெத்தாக்சித் தொகுதியிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும் வினை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். டொலுவீன் மாதிரியில் அது இருக்க வாய்ப்பில்லை; அங்கே அனிசோலே கிடையாதே! இந்த வினை பீனாலைத் தருவதோடு பீனாக்சிமெத்தில் ராடிக்கலையும் விடும். அது உள்ளுக்குள் உருமாறிப் பென்சால்டிஹைடைத் தரும். எனவே பென்சால்டிஹைடும் உங்களுக்குக் குறைவாக வருகிறதென்றால் விடுபட்டது இதுவே.

கிரெசால் குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல்: மெத்திலும் பீனாக்சியும் மீண்டும் அனிசோலாகச் சேரும் வினையை மட்டும் எழுதிவிட்டு, வளையத்தில் ஒட்டும் வினைகளை விட்டுவிடுவார்கள்.

இவையெல்லாம் சேர்ந்த பிறகும் இடைவெளி இருந்தால்தான் பீனாக்சி சிதைவின் கிளர்வு ஆற்றலில் (வினை தாண்ட வேண்டிய ஆற்றல் தடையில்) கை வையுங்கள். மோலுக்கு 4 கிலோஜூல் மாற்றினாலே 900 கெல்வினில் வேகம் 1.7 மடங்கு மாறும். நல்ல குவாண்டம் கணக்கீட்டின் பிழை வரம்பே அவ்வளவு இருக்கும், ஆகவே அது நியாயமான திருத்தம். முன்காரணியை (வேகச் சமன்பாட்டில் முன்னால் நிற்கும் பெருக்கியை) ஐந்து மடங்கு மாற்றிப் பொருத்துவது அப்படியல்ல. அடுத்த வெப்பநிலையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.