நிலத்தை விற்றுப் பைலட் ஆக வேண்டாம்

போன வாரம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு ராசிபுரத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, ப்ளஸ் டூ முடித்த மகன், கூடவே தாய்மாமா. உட்கார்ந்ததும் அம்மா செல்போனை நீட்டினார். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் கீரனூர் பக்கம் நெடுஞ்சாலையில் இறங்கிய வீடியோ. "ரெண்டு பேரும் பிழைச்சுட்டாங்க சார். ஆனா பையனைப் பைலட் ஆக்கணும்னு இவங்க நிக்கிறாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

பயப்படாதீங்கம்மா என்றுதான் ஆரம்பித்தேன். பறக்கக் கற்பவர்களுக்குத் தரையிறக்கம்தான் கஷ்டமான பாடம், ஆனால் அதைப் பழக்கித்தான் விடுவார்கள். செஸ்னா 172 மாதிரி சின்ன விமானம் மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபாதைக்கு வரும். கடைசி நொடிகளில் மூக்கை லேசாகத் தூக்கி, இறக்கைக்குக் கீழே உள்ள இரண்டு சக்கரங்களை முதலில் பட வைக்க வேண்டும். மூக்குச் சக்கரம் முந்திக்கொண்டால் விமானம் எகிறும். பதறி மூக்கைக் கீழே அமுக்கினால் புரொப்பெல்லர் தரையில் அடிக்கும். எகிறினால் மறுபடி மேலே ஏறி, சுற்றி வந்து இறங்கத்தான் பழக்குவார்கள்.

அதற்குள் மாமா, "ரெண்டு ஏக்கரை வித்தா முடிஞ்சது. ஊர்லயே முதல் பைலட் நம்ம வீட்டுப் பையன்" என்றார்.

அதோடு ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். வேண்டாம் என்றேன். விபத்துக்காக இல்லை, பணத்துக்காக. சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதற்கே 50 லட்சம் வாக்கில் ஆகிவிடுகிறது. பெரிய விமானம் ஓட்ட டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்துக்கென்று தனித் தகுதி வேண்டும், அதற்குத் தனியாகப் பல லட்சம். இவ்வளவும் முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. இருக்கிற ஒரே நிலத்தை இதில் வைக்கக் கூடாது.

பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. அந்த வீடியோவைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். "இறங்கறதுக்கு முன்னாடி பைலட் ரேடியோவுல யார்கிட்ட பேசியிருப்பார் சார்?" என்றான். ஓட்டும் ஆசை அவன் பேச்சில் எங்குமே இல்லை. சென்னைக்கு மேலே விமானங்கள் ஏன் வட்டமடிக்கின்றன என்பதைச் செல்போனில் காட்டிக் காட்டி விளக்கினான்.

அவனுக்கான வேலை ஏ.டி.சி., அதாவது விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது. இயற்பியலும் கணிதமும் உள்ள பி.எஸ்சி. போதும், அரசுக் கல்லூரியிலேயே படிக்கலாம். இந்த வேலைக்கு இந்திய விமான நிலைய ஆணையம் ஜூனியர் எக்ஸிகியூட்டிவ் என்ற பதவிப் பெயரில் தேர்வு வைக்கிறது. 120 கேள்வி, 120 நிமிடம். பாதி இயற்பியலும் கணிதமும்; மீதி ஆங்கிலம், பொது அறிவு, ரீசனிங் போன்றவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. அப்புறம் குரல் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. வயது வரம்பு 27, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாயில் தொடங்குகிறது. பயிற்சி பிரயாக்ராஜ், ஐதராபாத், கோந்தியா மையங்களில். 2025இல் 309 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, போட்டி கடுமை. இரவு ஷிஃப்ட் உண்டு, வடக்கே எங்கு வேண்டுமானாலும் போடுவார்கள். தேர்வு கைகூடாவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும், நிலமும் இருக்கும்.

மாமாவுக்கு இதில் உடன்பாடில்லை. அவர் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். கல்லூரி விண்ணப்பத்தை இந்த வாரமே போடுங்கள். குரல் தேர்வில் தடுமாறாமல் தெளிவாகப் பேச வேண்டும். அதனால் தினமும் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்கட்டும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.