பேதுருவின் மாமியார்

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஏழு வருடம் ஞாயிறு பள்ளி எடுத்தேன். மே மாதம் வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்தால் பத்து நாளும் வீட்டில் தங்க மாட்டேன். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் நானே. இப்போது பெரியவனுக்கு நாலு வயது, சின்னவளுக்கு ஏழு மாதம். மாமியாருக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. வேதத்தைத் திறந்து நிம்மதியாக ஒரு அதிகாரம் படித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் சபைக் கன்வென்ஷனில் பிரசங்கம் செய்ய வந்த ஊழியர், "தாலந்தைப் புதைத்து வைத்திருக்கிற சகோதரிகள் கை தூக்குங்கள்" என்றார். அழுதுகொண்டே கை தூக்கினேன். மறுநாள் பெண்கள் ஐக்கியத்து அம்மா ஒருவரிடம் சொன்னேன். அவர், "உனக்கு வீடுதான் ஊழியம். பிள்ளைப்பேற்றினாலே இரட்சிப்பு என்று பவுலே எழுதியிருக்கிறார். பேசாமல் பிள்ளையைப் பார்" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். வீட்டு வேலை நிஜமாகவே ஊழியமா, இல்லை அப்படிச் சொல்லி எங்களை உட்கார வைக்கிறார்களா?

பெயர் போட வேண்டாம் அக்கா.

ஒரு சகோதரி, கடலூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டும்தான்.

வீட்டு வேலை ஊழியம்தான். அதைச் சொல்லியே பெண்களை உட்கார வைப்பதும் நடக்கிறது. முதலாவது உண்மையாக இருப்பதால்தான் இரண்டாவது இவ்வளவு சுலபமாக நடக்கிறது. வெறும் பொய்யைச் சொல்லி யாரையும் இத்தனை காலம் உட்கார வைத்திருக்க முடியாது.

நான் கிரேக்கம் படித்தவள் இல்லை. பாண்டிக்கு வந்த புதிதில், ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் சாயங்காலங்களில் தன் வீட்டுத் திண்ணையில் வேதபாடம் நடத்துவார். ஏழெட்டுப் பேர் போவோம். ஒருநாள் மாற்கு சுவிசேஷம் முதல் அதிகாரம். கப்பர்நகூம் ஊரில் இயேசுவின் சீஷனான பேதுருவின் மாமியார் ஜுரமாய்ப் படுத்திருக்கிறார். இயேசு கிட்டப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். ஜுரம் போகிறது. அந்த அம்மாள் எழுந்து அவர்களுக்குப் 'பணிவிடை' செய்கிறார். போதகர் அங்கே நிறுத்திவிட்டு, பத்தாம் அதிகாரம் 45-ஆம் வசனத்தை எடுக்கச் சொன்னார். மனுஷகுமாரன், அதாவது இயேசு, ஊழியங்கொள்ள வராமல் 'ஊழியஞ்செய்ய' வந்தார் என்று இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான் என்றார். டயாகோனியோ. ரோமர் 16-இல் பெபேயாள் என்ற பெண்ணைச் சபையின் ஊழியக்காரி என்று பவுல் சொல்வதும் அதே வேரிலிருந்து வந்த சொல்தான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இயேசு செய்தால் ஊழியம், மாமியார் செய்தால் பணிவிடை. மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பணிவிடையும் நல்ல தமிழ்ச் சொல், அந்த இடத்துக்குப் பொருந்தவும் செய்கிறது. ஆனால் நம் சபைகளில் அந்த இரண்டு சொல்லும் வேறு வேறு மாடிக்கு ஏறிப்போய்விட்டன. ஊழியம் மேடைக்குப் போனது, மைக் பிடித்தது. பணிவிடை அடுப்படியிலேயே நின்றுவிட்டது.

(ஜுரம் விட்டதும் நேரே அடுப்படிக்குப் போனார் பார்த்தீர்களா, அதுதான் பெண் என்று இதே வசனத்தில் பிரசங்கம் செய்கிறவர்களும் உண்டு. மீன் பிடிக்கிற பேதுருவுக்கு வலையை அலசத் தெரியும், சட்டியை அலசத் தெரியாதா என்று யாரும் கேட்பதில்லை.)

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தது. நீங்கள் அப்போது சின்னப் பெண்ணாக இருந்திருப்பீர்கள், ஆனாலும் அந்தச் சத்தம் மறந்திருக்காது. நான் அப்போது கடலூரில் இருந்தேன். மரங்கள் தெருவுக்குக் குறுக்கே கிடந்தன, கரண்ட் இல்லை. குடிசை போனவர்கள் நாற்பது ஐம்பது பேர் எங்கள் சபை மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் ராத்திரி வாட்ச் நைட், புது வருடம் பிறக்கும் நள்ளிரவு ஆராதனை. மோட்டார் ஓடாததால் அடிபம்பில் தண்ணீர் அடித்து, நனைந்த விறகை ஊதி ஊதி, நாங்கள் பதினோரு பெண்கள் சோறு வடித்தோம். ஒருத்தி கைக்குழந்தைக்காரி. மண்டபத்து ஜன்னல் கம்பியில் புடவையைக் கட்டித் தூளி போட்டுவிட்டு, காலால் அதை ஆட்டிக்கொண்டே கத்தரிக்காய் நறுக்கினாள். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தபோது நாங்கள் அண்டா கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளே மெழுகுவத்தி வெளிச்சத்தில் பாடிய பாட்டு எங்களுக்கு ஜன்னல் வழியாகத்தான் கேட்டது.

அந்த வருடச் சபை அறிக்கையில் இப்படி அச்சடித்திருந்தார்கள்: 'நிவாரண ஊழியம்' என்று ஒரு பத்தி, சோற்றுப் பொட்டலம் கொடுத்த ஆண்களின் பெயர்களோடு. அதன் கீழே ஒரு வரி, 'சமையல் உதவி: பெண்கள் ஐக்கியம்'.

வாசலில் நின்று கொடுத்தது ஊழியம், உள்ளே நின்று வடித்தது உதவி. உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு அந்த வரிதான் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரி நாங்கள் செய்தது ஊழியம் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு வருத்தமும் உண்டு. நாங்கள் பதினோரு பேரும் ஏன் ஆராதனைக்கு உள்ளே போகவில்லை? பொட்டலம் கொடுத்த கைகளில் இரண்டு ஜோடி வந்து அண்டாவைப் பிடித்திருந்தால் போயிருப்போம். நாங்கள் கேட்கவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை.

அன்னையர் தினத்துக்கு எல்லாச் சபையிலும் நீதிமொழிகள் 31-தான். குணசாலியான ஸ்திரீ. வருடா வருடம் அதைக் கேட்டு, ஒரு ரோஜாப்பூவை வாங்கிக்கொண்டு, குற்ற உணர்ச்சியோடு வீட்டுக்கு வருவேன். பிறகுதான் அதிகாரத்தின் முதல் வசனத்தைக் கவனித்தேன். அது லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன உபதேசம். மகனுக்குச் சொன்னதை நாம் மகள்களை உட்கார வைத்து ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று, பத்தாம் வசனத்திலிருந்து வரும் 22 வசனங்களும் எபிரேய எழுத்து 22-இன் வரிசையில் தொடங்குகின்றன, நம் ஆத்திசூடி அகர வரிசையில் போவது மாதிரி. ஆத்திசூடி முழுவதையும் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டும் என்று ஔவையே நினைத்திருக்க மாட்டாள். அது ஒரு வாழ்நாளின் அரிச்சுவடி. நாம்தான் அதைச் செவ்வாய்க்கிழமையின் வேலைப்பட்டியல் ஆக்கிக்கொண்டோம். அப்புறம், அந்த அம்மாள் இருட்டோடே எழுந்து வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள். வேலைக்காரிகள் இருந்தார்கள்! உங்களுக்கு இருப்பது ஒரு குக்கரும், மாமியாரின் காலுக்குக் கட்டு மாற்றுகிற வேலையும்.

அதே அம்மாள் வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள். வீட்டோடு இரு என்கிறவர்கள் அந்த வசனத்தைக் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுகிறார்கள்.

பிள்ளைப்பேறு வசனத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. வேத அறிஞர்களே இன்னும் அடித்துக்கொள்கிற இடம் அது. அதை எடுத்து ஒரு இளம் தாயின் தலையில் போடுவது நியாயமில்லை, அவ்வளவுதான்.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லியின் தாய். பெற்றது 19, பிழைத்தது பத்து. தலைக்கு மேல் ஏப்ரனைப் போட்டுக்கொண்டு ஜெபித்தார் என்ற கதையை நம் பிரசங்கிகள் விடாமல் சொல்வார்கள். அவர்கள் அதிகம் சொல்லாத கதை எனக்குப் பிடிக்கும். 1711-12 குளிர்காலத்தில் அவருடைய கணவர், இங்கிலாந்தின் எப்வொர்த் ஊரின் போதகர், லண்டனுக்குப் போயிருந்தார். ஞாயிறு மாலையில் சூசன்னா தன் பிள்ளைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும் பிரசங்கம் வாசித்துக் காட்டினார். வேலைக்காரப் பையன் அவன் பெற்றோரிடம் சொல்ல, அக்கம்பக்கத்தார் வந்தார்கள். கடைசியில் இருநூறு பேர் கூடினார்கள். பொறுப்பிலிருந்த உதவிப் போதகருக்குப் பொறுக்கவில்லை, லண்டனுக்குக் கடிதம் போனது. கணவர் நிறுத்தச் சொல்லி எழுதினார். சூசன்னா என்ன பதில் எழுதினார் தெரியுமா? விரும்புகிறேன் என்று எழுதாதீர்கள், நிறுத்து என்று கட்டளையே போடுங்கள், அப்போதுதான் நியாயத்தீர்ப்பு நாளில் பொறுப்பு என்மேல் வராது என்ற பொருள்பட எழுதினார். கட்டளை வரவில்லை. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஜானுக்கு அப்போது வயது எட்டு.

தாய்மை எங்கே முடிந்தது, ஊழியம் எங்கே தொடங்கியது என்று அந்த வீட்டில் கோடு போட்டுக் காட்ட முடியுமா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கன்வென்ஷன் ஊழியர் சொன்ன உவமையைத் திரும்பப் படியுங்கள். எஜமான் பெருக்கச் சொல்லிக் கொடுத்த பணம்தான் தாலந்து. அதைப் புதைத்தவன் பயந்துபோய்ப் புதைத்தான், அதற்குப் பிறகு ஒன்றும் செய்யவில்லை. ஏழு மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அங்கே உங்களைக் கை தூக்கச் சொன்னார்கள். கப்பர்நகூமில் இயேசுவே கிட்டப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினார்.

ஆனால் எல்லாம் அப்படியே திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகன் பிறந்தபோது நானும் ஞாயிறு பள்ளியை விட்டேன், ஆறு வருடம். திரும்பிப் போனபோது என் வகுப்பு வேறொருத்தியிடம் இருந்தது. நன்றாகத்தான் எடுத்தாள். எனக்குக் காணிக்கை எண்ணுகிற வேலை கிடைத்தது. இரண்டு வருடம் சில்லறை எண்ணினேன். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

அதனால் நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். முழுதாக விட்டுவிடாதீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் கணவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாரத்தில் பகல் ஷிஃப்ட் இல்லாத ஒரு நாள், ஒரு மணி நேரம், மாமியாரின் கட்டும் பெரியவனும் அவர் பொறுப்பு என்று பேசிக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பணிவிடைதான், ஊழியம்தான், எந்தப் பெயர் பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளட்டும். பெண்கள் ஐக்கியத்து அம்மாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருடைய இருபத்தெட்டாவது வயதில் யாரோ அவரிடமும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

மே மாதம் வருகிறது. வி.பி.எஸ். பொறுப்பாளரிடம் பத்து நாள் முடியாது, கதை நேரம் மட்டும் மூன்று நாள் தாருங்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். சின்னவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். கதை நடுவில் அழுதால் அழட்டும். பொம்மையை அவள் கையில் கொடுத்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா