கேள்வி – பதில்: டெமியன் மையாவின் களம்

சென்ற இதழில் பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர், கலப்புத் தற்காப்புச் சண்டையில் உலகப் பட்டம் பெறாமலேயே ஓய்ந்த வீரர்களுள் சிறந்தவர் யார் என்று கேட்டிருந்தார். "பிரேசில் நாட்டின் டெமியன் மையா" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தோம். அந்த வரிக்கு விளக்கம் கேட்டும் மறுத்தும் டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: இரண்டு பட்டப் போட்டிகளிலும் தோற்றவர், மொத்தம் 11 தோல்விகள் கண்டவர். அவரைச் சிறந்தவர் என்று சொல்வது எந்தக் கணக்கில் சேரும்? (கல்லூரி மாணவர், மன்னார்குடி)

தோல்விகளை எண்ணுவதோடு, அவர் எப்படித் தோற்றார் என்பதையும் பார்க்க வேண்டும். மையா 28 வென்று 11 தோற்றார். அந்த 11-இல் 9 தோல்விகள் நடுவர்களின் புள்ளித் தீர்ப்பால் வந்தவை. அடிபட்டு நிறுத்தப்பட்டவை இரண்டே. பிடியில் சிக்கித் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டது ஒரு முறைகூட இல்லை.

1977-இல் சாவ் பாவ்லோவில் பிறந்த மையா, சிறுவயதில் ஜூடோ பயின்று, 19 வயதில்தான், எதிராளியைத் தரையில் பிடித்துப் பணிய வைக்கும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவுக்கு வந்தார். பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டுகள் பிடிக்கும் கறுப்புப் பட்டையை, ஃபாபியோ குர்ஜெலிடம் ஐந்து ஆண்டுகளுக்குள் பெற்றார். இடையில் இதழியலும் படித்தார் என்பதை, இதழ் நடத்துகிற எங்களுக்கு உரிய சிறு பெருமையோடு குறிப்பிட்டுக்கொள்கிறோம். 2007-இல், பிடிச் சண்டைக்கான உலக அளவிலான ஏடிசிசி போட்டியில் 88 கிலோ பிரிவில் வென்ற அதே ஆண்டில் கலப்புத் தற்காப்புச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க அமைப்பான யூஎஃப்சியின் களத்தில் நுழைந்து, முதல் ஐந்து போட்டிகளிலும் எதிராளியைப் பிடியில் பணிய வைத்தே வென்றார். ஐந்தாவது வெற்றி 2009 பிப்ரவரியில் லண்டனில், பெயர்பெற்ற மல்யுத்த வீரரான செயில் சோனனை கால்களால் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து இறுக்கும் முக்கோணப் பிடியில் சிக்க வைத்துப் பெற்றது.

அதற்கு அடுத்த போட்டியில் நேட் மார்க்குவார்ட்டின் ஒரே குத்தில், 21 நொடிகளில் விழுந்தார். எங்கள் கருத்தில் அவருடைய வாழ்க்கையின் உண்மையான திருப்பம் இந்தத் தோல்விதான். பட்டப் போட்டிகள்கூட அல்ல. காயமடைந்த விட்டோர் பெல்ஃபோர்ட்டுக்கு மாற்றாக 2010 ஏப்ரலில் அபுதாபியில், அப்போது பட்டத்தைக் கையில் வைத்திருந்த ஆண்டர்சன் சில்வாவை எதிர்கொண்டு, கேலியும் சீண்டலும் நிறைந்த ஐந்து சுற்றுகளுக்குப் பின் தோற்றார். அன்று பார்வையாளர்களும் அமைப்பின் தலைவரும் கண்டித்தது வென்ற சில்வாவைத்தான். அதன் பிறகு மையா குத்துச்சண்டையை மெனக்கெட்டுக் கற்று, நின்றே சண்டையிடும் வீரராக மாற முயன்றார். மார்க் முன்யோஸிடமும் கிறிஸ் வைட்மனிடமும் தோற்ற போட்டிகளில், ஊரே அறிந்த தன் கலையை ஒதுக்கிவைத்துவிட்டு, கடன் வாங்கிய கலையோடு நிற்கும் ஒருவரைத்தான் பார்க்கிறோம்.

2012-இல் சுமார் 84 கிலோ பிரிவிலிருந்து 77 கிலோ பிரிவுக்கு இறங்கியவர், தன் பழைய கலைக்கே திரும்பினார். 2014 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு வெற்றிகள் பெற்றார். அவற்றுள் 2016 ஆகஸ்டில் வான்கூவரில் கார்லோஸ் காண்டிட்டை வென்ற போட்டி 1 நிமிடம் 52 நொடிகளில் முடிந்தது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று எதிராளிக்குத் தெரியும், எதிராளியின் பயிற்சியாளருக்குத் தெரியும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் தடுக்க முடியவில்லை. இந்த ஒன்றை வைத்துத்தான் அவரைச் சிறந்தவர் என்றோம். பட்டம் இருந்தால்தான் பெயர் என்றால் எங்கள் வரியைத் திருத்திக்கொள்ளலாம். நாங்கள் திருத்துவதாக இல்லை.

கேள்வி: எதிராளியை அவர் எப்படிக் கீழே கொண்டுவருகிறார்? காணொளியில் பார்த்தால் காலைப் பிடிக்கிறார், அடுத்த கணம் முதுகில் இருக்கிறார். நடுவில் நடப்பது விளங்கவில்லை. (கபடி வீரர், ஒரத்தநாடு)

உங்களுக்கு இது எளிதில் விளங்க வேண்டும். பொங்கலையொட்டி உங்கள் பக்கத்து ஊர்களில் நடக்கும் கபடிப் போட்டிகளில், பாடி வருபவரின் கணுக்காலைப் பற்றும் மூலை ஆட்டக்காரர் அந்த ஒரு பிடியிலேயே ஆட்டத்தை முடித்துவிட நினைப்பதில்லை. காலை நிறுத்திவைத்தால் போதும், மற்றதைக் கூட இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மையாவும் ஒற்றைக் காலைப் பற்றுவது வீழ்த்துவதற்காக மட்டுமன்று, எதிராளியை ஓரிடத்தில் நிறுத்துவதற்காகத்தான். அவருக்குக் கூட இருப்பவர்கள் இல்லை என்பதால் மீதி வேலையையும் அவரே செய்கிறார்.

எதிராளி இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, மேலிருந்து தன் எடையைப் போட்டு அழுத்தினால், மற்ற வீரர்கள் காலை விட்டுவிட்டு எழுந்து நிற்பார்கள். மையா விடுவதில்லை, தானே மல்லாந்து, எதிராளியின் ஒரு காலைத் தன் இரு கால்களுக்கு நடுவே பின்னிக்கொள்கிறார். பார்ப்பவருக்கு அவர் கீழே மாட்டிக்கொண்டதாகத் தோன்றும். ஆனால் அந்த இடத்திலிருந்துதான் எதிராளியின் அக்குளுக்குள் கையை நுழைத்து, பக்கவாட்டில் எழுந்து, சுற்றி வந்து முதுகை அடைகிறார். முதுகில் ஏறியதும் ஒரு காலை எதிராளியின் வயிற்றைச் சுற்றிப் போட்டு, மறு முழங்காலின் மடிப்பில் பூட்டிக்கொள்கிறார். இந்தப் பூட்டு விழுந்த பிறகு எழுந்து நின்றாலும் பயனில்லை. 2017 மே மாதம் டாலஸில், ஹோர்ஹே மாஸ்விடால் நின்றபடியே மையாவை முதுகில் சுமந்துகொண்டிருந்ததை நீங்கள் பார்த்திருக்கலாம். மிச்சமிருப்பது கழுத்து மட்டுமே. யூஎஃப்சியில் அவர் 11 முறை எதிராளியைப் பணிய வைத்திருக்கிறார்; அவற்றுள் பெரும்பாலானவை பின்னாலிருந்து கழுத்தை இறுக்கும் பிடியால் வந்தவை.

கேள்வி: அப்படியானால் டைரன் வுட்லியிடம் அது ஏன் பலிக்கவில்லை? (மின்வாரிய ஊழியர், திருவாரூர்)

2017 ஜூலை 29 அன்று கலிஃபோர்னியாவின் அனாஹைம் நகரில் நடந்த அந்தப் பட்டப் போட்டியில், மையா இருபதுக்கும் மேற்பட்ட முறை காலைப் பிடிக்கப் பாய்ந்தார். ஒரு முறைகூட வுட்லியை வீழ்த்த முடியவில்லை. வுட்லி, மிசூரி பல்கலைக்கழகத்தில் மல்யுத்தத்தில் தேறியவர். காலைத் தொட்டவுடன் இடுப்பைப் பின்னுக்கு எறிவது அவருக்குக் கண்ணிமைப்பது போல் இயல்பானது. அதைவிட முக்கியமானது, மையா மல்லாந்து படுத்துக் கீழே அழைத்தபோது அவர் போகவில்லை. மற்றவர்கள் மேலிருந்து நாலு குத்துக் குத்தலாம் என்ற ஆசையில் இறங்கினார்கள். வுட்லி எழுந்து தள்ளி நின்று, நடுவர் மையாவை எழுப்பும் வரை காத்திருந்தார். சலிப்பூட்டும் போட்டி என்று அரங்கமே கூச்சலிட்டது. ஆனால் அறிந்தவருக்கு அது நேர்த்தியான தற்காப்பு.

மாஸ்விடால் போட்டிக்கும் இதற்கும் இடையில் மூன்று மாதங்கள்கூட இல்லை என்பதையும், அப்போது மையாவுக்கு 39 வயது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் கூடுதல் அவகாசம் கிடைத்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நாங்கள் நம்பவில்லை. அடுத்து அவரை வென்ற கோல்பி கவிங்டனும் கமரு உஸ்மானும்கூட கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தவர்கள்தாம். கீழே விழாத ஒருவரிடம், கீழே விழுந்த பிறகு தொடங்கும் கலைக்கு வேலை இல்லை. எந்தக் கலையிலும் எல்லை உண்டு; இவருடைய எல்லை பொதுமேடையில் எல்லோரும் காணும்படி வெளிப்பட்டது.

கேள்வி: கட்டிப் புரண்டு உருளும் இந்த முறையை நம் மற்போர் மரபு அறிந்திருந்ததா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருவையாறு)

தாங்கள் அறியாததன்று, புறநானூற்றின் 80-ஆம் பாட்டையே நினைத்துக் கேட்டிருப்பீர்கள். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடுகிறார். மல்லனின் வலிமையை முருக்கி, ஒரு காலை அவன் மார்பில் ஊன்றி, மற்றொரு காலால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகில் வளைத்த நிலையை அவர் வரிசையாகச் சொல்கிறார். உறையூரில் இருந்த தந்தை தித்தன் உவந்தாலும் உவக்காவிட்டாலும் இதைக் காண வேண்டும் என்றும் விரும்புகிறார். எந்தக் கால் எங்கே இருந்தது என்று கூறுபவர், களத்தருகே நின்று பார்த்தவராகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. மார்பில் ஒரு காலை ஊன்றி எதிராளியின் அசைவைக் கட்டுப்படுத்தும் நிலை இன்றைய ஜியு-ஜிட்சுவிலும் உண்டு.

இதைக்கொண்டு அந்தக் கலை இங்கிருந்துதான் போயிற்று என்று யாரும் துண்டறிக்கை அடிக்க வேண்டாம். இரண்டு கை, இரண்டு கால், ஒரு கழுத்து உள்ள மனிதர்கள் எங்கே கட்டிப் புரண்டாலும் சில நிலைகள் ஒத்துத்தான் போகும்.

கேள்வி: ஜப்பானின் கலை பிரேசிலுக்கு எப்படிச் சொந்தமாயிற்று? (வாசகர், நாகப்பட்டினம்)

ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசிலுக்கு வந்து, பின்னர் பெலெம் நகரில் கார்லோஸ் கிரேசிக்குக் கற்றுக்கொடுத்தார். கார்லோஸும் அவர் தம்பி ஹீலியோவும், எறிதலைக் குறைத்து, தரையில் பிடிப்பதைப் பெருக்கினார்கள். 1993 நவம்பரில் டென்வரில் நடந்த முதல் யூஎஃப்சி போட்டியில், ஹீலியோவின் மகன் ராய்ஸ், ஒரே இரவில் மூன்று பேரை வென்றபோது உலகம் திரும்பிப் பார்த்தது. ராய்ஸின் காலத்தில் எதிராளிகளுக்கு இந்தக் கலையே தெரியாது. மையாவின் காலத்தில் எல்லோருக்கும் தெரியும். மையாவின் வெற்றிகளை நாங்கள் கூடுதலாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

கேள்வி: என் பதினோரு வயது மகன் யூடியூபில் இவரைப் பார்த்துவிட்டுத் தங்கையின் கழுத்தைப் பிடிக்கிறான். கற்றுக்கொள்ள அனுப்பலாமா, கண்டித்து நிறுத்த வேண்டுமா? (ஒரு தாய், கும்பகோணம்)

இரண்டையும் செய்யுங்கள் அம்மா. கண்டிப்பதை இன்றைக்கே செய்யுங்கள். அந்தப் பிடி மூச்சுக்குழலை நெரிப்பதற்கானதன்று. கழுத்தின் இருபுறமும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களை அழுத்துவது. சரியாக விழுந்தால் பத்து நொடி அளவிலேயே நினைவு தப்பும். களத்தில் அது ஆபத்தில்லாமல் முடிவதற்குக் காரணம், பிடிபட்டவர் தட்டியவுடன் விடவேண்டும் என்ற ஒழுங்கும், பக்கத்தில் நிற்கும் நடுவரும்தான். உங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டும் இல்லை.

கற்பிக்க விரும்பினால் முதலில் ஜூடோவில் சேர்க்கலாம். மையாவும் அங்கிருந்து வந்தவர்தான். அடிபடாமல் விழுவதற்குத்தான் அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பார்கள். பயிற்சிக்கூடத்தைப் பார்க்கப் போகும்போது ஆசிரியரின் பதக்கங்களை விட்டுவிட்டு, விரிப்பு சுத்தமாக இருக்கிறதா, சிறுவர்களைத் தனியாகப் பயிற்றுகிறார்களா என்று பாருங்கள். அழுக்கு விரிப்பில் படர்தாமரை எளிதில் பரவும். குதிகாலைத் திருகும் பிடிகள் சிறுவர் போட்டிகளில் தடைசெய்யப்பட்டவை. அவற்றைப் பதினோரு வயதில் சொல்லிக்கொடுக்கும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: இன்னும் சண்டையிடுகிறாரா? (வாசகர், சீர்காழி)

இல்லை. 2021 ஜூனில் பெலால் முகமதிடம் புள்ளிகளில் தோற்றதே அவருடைய கடைசி யூஎஃப்சி போட்டி. அதற்கு முந்தையது 2020 மார்ச் 14 அன்று, கொரோனா அச்சத்தால் பார்வையாளர் இல்லாத பிரேசிலியா அரங்கில் நடந்தது. ஜியு-ஜிட்சுவிலேயே உலகப் பட்டம் பெற்ற கில்பர்ட் பர்ன்ஸ், அன்று முதல் சுற்றில் அவரைக் குத்தி வீழ்த்தினார்.

கேள்வி: மூன்று போட்டிகள் மட்டும் பார்க்க நேரமிருந்தால் எவற்றைப் பார்ப்பது? (வாசகர், வேதாரண்யம்)

காண்டிட் போட்டியை முதலில் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் அவருடைய முறை முழுவதும் அதில் இருக்கிறது. அடுத்து 2019 அக்டோபரில் சிங்கப்பூரில் பென் அஸ்க்ரனோடு நடந்தது. 2008 ஒலிம்பிக்கில் மல்யுத்தம் செய்தவரையே, ஏறத்தாழ 42 வயதில், மூன்றாம் சுற்றில் மையா பணிய வைத்தார். மல்யுத்தக்காரர்களிடம் அவர் எப்போதும் தோற்றார் என்று மேலே உள்ள பதில் உங்களை எண்ண வைத்திருந்தால், இது அதைச் சரிசெய்யும். இறுதியாக வுட்லி போட்டியை, ஐந்து சுற்றுகளையும் பொறுமையாகப் பாருங்கள். அதில் கைகளைக் கவனிக்க வேண்டியதில்லை, மையா பாயும் ஒவ்வொரு முறையும் வுட்லியின் இடுப்பு எங்கே போகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.