சம்பளத்தில் வரிப் பிடித்தம்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் பதினைந்து வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். வந்த கேள்விகளில் நாலு. கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு.

மன்னார்குடி வாசகர்: என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஒரு வரியில் 192, இன்னொன்றில் 194ஏ. ஏன்?

எதற்காகப் பிடித்தார்கள் என்று சொல்லும் பிரிவு எண் அது. 192 சம்பளம், 194ஏ வட்டி. பேங்க் டெபாசிட் போட்டிருப்பீர்கள். அந்த வட்டி நீங்கள் சொன்னால்தான் அலுவலகத்துக்குத் தெரியும். 2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம், 192 அதில் 392.

தஞ்சாவூர் தம்பி: திருச்சியில் ஆறு மாதம் 90,000 சம்பளம். அக்டோபரில் இங்கே வந்தேன், 1,30,000. இரண்டு இடத்திலும் ஒரு பைசா பிடிக்கவில்லை. லாபம்தானே?

இல்லை தம்பி. திருச்சிக்காரர் வருடத்துக்கு 10.8 லட்சம் என்று போட்டிருப்பார், தஞ்சாவூரில் ஆறு மாதத்துக்கு 7.8 லட்சம். புது வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் இரண்டுக்குமே வராது. ஆனால் உங்கள் மொத்தம் 13.2 லட்சம். நிலையான கழிவு 75,000 போக 12.45 லட்சம். வருமான அடுக்குகளுக்கான விகிதப்படி வரி 66,750 வரும். 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவர்களுக்குச் சலுகை உண்டு, தாண்டிய 45,000தான் வரி. நாலு சதவீத செஸ் சேர்த்து 46,800. பழைய சம்பளத்தை 12பி படிவத்தில் எழுதிப் புது அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், மார்ச்சுக்குள் பிரித்துப் பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வட்டியும் சேரும். வேலை மாறுகிறவர்களில் பாதிப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

மயிலாடுதுறை வாசகி: மாதம் 9,000 வாடகை, அடிப்படைச் சம்பளம் 40,000. எவ்வளவு கழியும்?

பழைய வரி முறை எடுத்தால் மட்டும் கழியும். வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதம் போக மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. சம்பளத்தில் தரும் வீட்டு வாடகைப் படி (எச்ஆர்ஏ) அதைவிடக் குறைவாக வந்தால் அந்தத் தொகைதான். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் வீட்டுக்காரர் பான் எண் வேண்டும். கேட்டாலே முகம் சுளிப்பார்கள், முதலிலேயே பேசி வையுங்கள்.

நன்னிலம் வாசகர்: ஊரில் நாலு மா நிலம், குத்தகைக்கு விட்டிருக்கிறேன். சம்பளத்தோடு சேருமா?

பயிர் வைக்கிற நிலம் என்றால் குத்தகைக்கும் வரி இல்லை. 5,000 ரூபாயைத் தாண்டினால், சம்பளத்துக்கு எந்த விகிதம் என்று பார்க்க மட்டும் சேர்ப்பார்கள். ரிட்டர்னில் காட்டிவிடுங்கள்.