தோளில் தொங்குகிறது, கையில் இறுக்குகிறது: வாசகர் கேள்விகள்

கேள்வி: எக்ஸ்எல் சட்டை கையில் இறுக்குகிறது. 3எக்ஸ்எல் எடுத்தால் தோள் சரிந்து தொங்குகிறது. என் உடம்பில்தான் கோளாறா?

பதில்: உடம்பில் இல்லை, வெட்டில்தான் கோளாறு. சிறிய அளவொன்றுக்குப் பேட்டர்ன் (துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவம்) போட்டு, அளவுக்கு அளவு எல்லாப் பக்கமும் கூட்டிக்கொண்டே போவார்கள். இதைக் கிரேடிங் என்பார்கள். எடை கூடும்போது மார்பு, வயிறு, மேல்கை பருக்கும். தோள் எலும்பு நீளாது. பெரிய அளவுகளுக்குத் தனிப் பேட்டர்ன் போட்டு, அந்த உடல்வாகு உள்ளவருக்கே அணிவித்துப் பார்க்க வேண்டும். செலவைச் சொல்லி அதைத் தட்டிக்கழிப்பது நியாயமே இல்லை.

தைக்கக் கொடுத்தால் இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள்: அக்குளை ஒட்டி மார்புக்கு மேலே ஒன்று, மார்பின் எடுப்பான இடத்தில் ஒன்று. தோளும் கழுத்தும் முதல் அளவுக்கு அமையட்டும். வித்தியாசம் 2 அங்குலத்தைத் தாண்டினால் முன்பக்க மார்பில் மட்டும் துணி கூட்டி, டார்ட் (துணியை மடித்துத் தைக்கும் கூம்பு மடிப்பு) பிடிக்க வேண்டும். ரெடிமேட் என்றால் மார்புக்கும் கைக்கும் சரியாக இருப்பதை வாங்கி, சட்டைக் கையின் தையலைப் பிரித்து, தோள் நுனியில் குறைக்கலாம். அந்த வெட்டு ஆர்ம்ஹோலின் (உடல்துணியில் கை பொருந்தும் வளைவின்) பாதியிலேயே முடிந்துவிட வேண்டும். அக்குள்வரை போனால் மார்பு பிடிக்கும்.

கேள்வி: கை இறுக்கம் என்றதும் தையற்காரர் அக்குளை இறக்கி வெட்டிவிட்டார். இப்போது கையைத் தூக்கினால் சட்டையே மேலே ஏறுகிறது.

பதில்: பலரும் செய்கிற தவறு. அக்குள் இறங்க இறங்க, அங்கிருந்து இடுப்புவரையான பக்க நீளம் குறையும். கை உயரும்போது உடல்துணியையும் இழுத்துக்கொண்டு போகும். கூட்ட வேண்டியது கையின் சுற்றளவை. நீளாத துணியில் மேல்கைச் சுற்றளவைவிட 2 அங்குலமாவது கூடுதல் வேண்டும். வெட்டியாகிவிட்டதால், அக்குளில் பக்கத்துக்கு 3 அல்லது 4 அங்குலமுள்ள சாய்சதுரத் துண்டைக் கிராஸாக (துணியின் இழைக்குக் குறுக்குச் சாய்வாக) வெட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். தையல் முனைகளுக்குப் பின்னால் சிறு ஒட்டுத்துணி கொடுக்காவிட்டால் அங்கேதான் முதலில் கிழியும்.

கேள்வி: ஒரே எண், கம்பெனிக்குக் கம்பெனி ஏன் மாறுகிறது?

பதில்: எல்லாரும் பின்பற்றியாக வேண்டிய பொது அளவு கிடையாது. அமெரிக்காவில் 1939-40இல் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். அதையொட்டி 1958இல் வந்த அளவுத் தரத்தை 1983இல் விலக்கிக்கொண்டார்கள். எண்ணைப் பார்க்காமல் ஆடையின் அளவைக் கேளுங்கள். மார்பும் இடுப்பும் மட்டும் போதாது, மேல்கையும் வேண்டும். பேன்ட் என்றால் உட்கார்ந்த நிலையிலும் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். நிற்பதைவிடக் கூடுதலாக வரும்.