ஹொக்கிக் கொப்பியும் 32 கதிரைகளும்: ஸ்காபறோத் தாய் ஒருவருக்கு

அன்புள்ள அம்மா,

சென்ற கிழமை நீங்கள் என் மேசையில் வைத்துவிட்டுப் போன கொப்பியை இரண்டு இரவுகள் இருந்து வாசித்தேன். "கணக்குக் கொப்பி என்று நினைத்துத் திறந்தேன், உள்ளே முழுக்க ஹொக்கி" என்று சொன்னபோது உங்கள் குரல் உடைந்தது. அவனுடைய தகப்பன் இரவு வேலைக்குப் போய்ப் படிப்பிக்கிறார், இவனோ ரொறன்ரோவின் பனி ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸின் பொது முகாமையாளராக வேண்டும் என்கிறான் என்று வருந்தினீர்கள். எனக்கு அந்தக் கொப்பி கணக்குக் கொப்பியாகவேதான் தெரிகிறது.

இடது பக்கத்தில் வீரரின் பெயர், அடுத்ததில் சம்பளம், அதற்கடுத்து ஒப்பந்தம் முடியும் ஆண்டு. ஒரு பக்கத்தில் பின்கள வீரர் ஒருவரை அணிக்குள் கொண்டுவரப் பார்த்திருக்கிறான். கூட்டிப் பார்த்து, "2.1 மில்லியன் கூடிவிட்டது" என்று சிவப்புப் பேனாவால் எழுதி, முழுத் திட்டத்தையும் வெட்டிவிட்டு மறுபடி தொடங்கியிருக்கிறான். பதினோராம் வகுப்புப் பிள்ளை யாரும் சொல்லாமல் இதைச் செய்கிறான் என்பதை நான் சாதாரணமாக எடுக்கவில்லை.

இந்த வேலை என்னவென்று முதலில் சொல்கிறேன். பொது முகாமையாளர் பனித்தளத்தில் இறங்குவதில்லை, ஆட்டம் பழக்குவதும் இல்லை. யாரை எடுப்பது, என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, யாரை விடுவது, பயிற்றுநர் யார் என்று தீர்மானிப்பவர் அவர். 2005 முதல், வட அமெரிக்காவின் தொழில்முறை ஹொக்கி லீக்கான என்ஹெச்எல்லில், ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. முதல் ஆண்டில் அது 39 மில்லியன் அமெரிக்க டொலர், 2025-26 பருவத்தில் 95.5 மில்லியன். உரிமையாளர் எவ்வளவு பணக்காரரானாலும் அதற்கு மேல் அள்ளிக் கொடுக்க முடியாது. வருகிற சம்பளத்துக்குள் வீட்டுக் கடனும் கட்டி, பிள்ளைகளின் படிப்பையும் பார்த்து, ஊருக்கும் அனுப்புகிற உங்களுக்கு இந்தக் கணக்கின் கடினம் சொல்லாமலே விளங்கும்.

மகனின் கொப்பியில் அடிக்கடி வருகிற பெயர் கைல் டுபாஸ். அவர் ஒன்ராறியோவின் சூ செயின்ட் மேரியில் பிறந்தவர், தொழில்முறை வீரராக ஆடியவர் அல்லர். சிறுவயதிலேயே ஊர் அணியான சூ கிரேஹவுண்ட்ஸில் எடுபிடி வேலை பார்த்தார். புரொக் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு முகாமைத்துவம் படித்தார், பிறகு வீரர்களின் முகவரானார். 2011இல், 25 வயதில், அதே கிரேஹவுண்ட்ஸின் பொது முகாமையாளர். 2014இல் லீஃப்ஸில் உதவியாளராகச் சேர்ந்து, 2018இல், 32 வயதில், தலைமைக் கதிரைக்கு வந்தார்.

உங்கள் மகன் இதுவரை வந்து நிற்கிறான். மிச்சக் கதையையும் அவன் படிக்க வேண்டும். டுபாஸ் வந்த கையோடு ஜோன் டவாரெஸ் என்ற வீரரை ஆண்டுக்கு 11 மில்லியனுக்கு எடுத்தார். அடுத்து நைலாண்டர், மத்தியூஸ், மார்னர் ஆகியோருக்கும் பெரிய ஒப்பந்தங்கள். நால்வருக்குமாக 40 மில்லியனுக்கு மேல். உச்சவரம்பு ஆண்டுதோறும் ஏறும் என்ற எதிர்பார்ப்பில் போட்ட கணக்கு அது. பெருந்தொற்று வந்தது, அரங்குகள் வெறுமையாகின, உச்சவரம்பு 81.5 மில்லியனில் உறைந்துபோனது. ஏறக்குறைய பாதிப் பணம் நாலு பேரிடம், மீதியில் முழு அணி. 2004க்குப் பிறகு முதல் தடவையாக 2023இல் லீஃப்ஸ், கிண்ணத்துக்கான பருவ இறுதிப் போட்டிகளான பிளேஓஃப்பில் ஒரு சுற்றை வென்றது. அடுத்த சுற்றில் தோற்றது, அதே மே மாதம் டுபாஸ் வெளியே. சில நாட்களில் பிட்ஸ்பர்க் அணி அவரை எடுத்துக்கொண்டது என்பதும் உண்மை. திறமையாளர்கூட யாரும் காணாத ஒரு நோயின் கையில் அகப்படக்கூடிய வேலை இது.

இனி உங்கள் பயம். அது நியாயமானது. என்ஹெச்எல்லில் 32 அணிகள், ஆகவே 32 கதிரைகள். லீஃப்ஸில் கோன் ஸ்மைத் 1927 தொடங்கி 30 ஆண்டு அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்தக் காலம் போய்விட்டது. கடைசியாக 1967இல் லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற பிறகு பத்துக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்கள். கோர்ட் ஸ்டெல்லிக் 1988இல் 30 வயதில் ஏறி, அடுத்த ஆண்டே இறங்கினார். இந்தப் பதவியை மட்டும் நம்பி ஒரு பிள்ளையின் படிப்பைத் தெரிவு செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கதிரைக்கும் அதற்குப் பக்கத்துக் கதிரைக்கும் வந்தவர்கள் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். லீஃப்ஸுக்குப் பொறுப்பாக இருந்த பிரையன் பேர்க் ஹார்வர்டில் சட்டம் படித்தவர். கோல்காப்பாளராகப் புகழ்பெற்ற கென் டிரைடனும் சட்டப் பட்டதாரி. லூ லாமொரியெல்லோ முன்பு கணித ஆசிரியர். 2022இல் சியாட்டில் அணியின் உதவிப் பொது முகாமையாளரான அலெக்ஸாண்ட்ரா மான்ட்ரிக்கி படித்தது தொழிற்துறைப் பொறியியல். ஹெய்லி விக்கன்ஹைசர் நாலு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், 2021இல் மருத்துவப் படிப்பை முடித்து, 2022இல் லீஃப்ஸின் உதவிப் பொது முகாமையாளரானார். டொக்டர், எஞ்சினியர், சட்டத்தரணி என்று நம் வீடுகளில் சொல்லுகிற அதே படிப்புகள்தான் அம்மா.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். விளையாட்டு முகாமைத்துவத்துக்குப் புரொக்கும் சட்பரியிலுள்ள லோரன்சியனும் நல்ல இடங்கள். ஆனாலும் இந்தக் கொப்பியை எழுதிய பிள்ளைக்கு நான் புள்ளிவிபரவியலையே முதலில் சொல்வேன். ஹொக்கி கைகொடுக்காவிட்டால் வங்கியும் காப்புறுதியும் மருத்துவமனையும் அந்தப் படிப்பைக் கேட்டு வாங்கும். பன்னிரண்டாம் வகுப்பில் கல்குலஸையும் தரவு முகாமைத்துவத்தையும் அவன் விடக்கூடாது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் இணையத்தில் எவரும் வாசிக்கக்கூடியது, பல நூறு பக்கம். உச்சவரம்பு பற்றிய பகுதியை மட்டும் அவனிடம் கொடுங்கள். பத்துப் பக்கத்தில் மூடிவைத்தால் ஒன்றும் குடிமுழுகாது. கேள்விகளோடு திரும்பி வந்தால் பின்னாளில் சட்டத்தையும் யோசிக்கலாம்.

பள்ளிக்கூடம் முடிக்க ஒன்ராறியோவில் 40 மணி நேரச் சமூகத் தொண்டு கட்டாயம். அதை அவன் பனித்தளத்தில் செய்யட்டும். சின்னப் பிள்ளைகளின் அணிக்கு நேரம் பார்க்கலாம், புள்ளி எழுதலாம், தண்ணீர்ப் போத்தல் நிரப்பலாம். ஸ்டெல்லிக்கும் மாணவனாக இருந்தபோது லீஃப்ஸின் பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் பத்திரிகையாளர் மாடத்தில் பகுதிநேர வேலை பார்த்துத்தான் உள்ளே வந்தார். காலை ஆறு மணிக்கு, குளிரில், எத்தனை கிழமை அலுக்காமல் எழுந்து போகிறான் என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

வருகிற சனிக்கிழமை தம்பியைத் தனியாக அனுப்புங்கள். அதற்கு முன் கொப்பியை அவனிடமே கொடுத்து, கேட்காமல் எடுத்ததையும் சொல்லிவிடுங்கள். நடுப்பக்கம் ஒன்றில் கூட்டலில் நாலு லட்சம் டொலர் தவறியிருக்கிறது. நான் அதைத் திருத்தவில்லை, பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் வைத்திருக்கிறேன். வரும்போது அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.